கண்டவர் சொல்லும் எழுதியவர் சொல்லும்

ஆண்டுதோறும் நாம் மாணவர்க்குக் கொடுத்துவரும் கட்டுரைத் தலைப்புக்களுள் 'கடற்கரையில் ஒரு மாலை' என்பதும் ஒன்று. கட்டுரைகள் வந்து சேருமுன்னரே அவற்றில் என்ன இருக்கும் என்று நாம் சொல்லிவிடலாம். கதிரவன் பொற்றகடாய் மறைவான். அலைகள் கரையை முத்தமிடும். வெண்மணலிற் சிறுவர் வீடு கட்டி விளையாடுவர். தூரத்தே படகுகள் அன்னம்போல் அசையும். நகரத்துப் பிள்ளையும் இதையே எழுதும். தோட்டக்காரனின் பிள்ளையும் இதையே எழுதும். விடியற்காலையில் தந்தையின் வலையிலிருந்து மீன் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளையும் இதையே எழுதுவதுதான் நமக்கு வேதனை தருவது.

சென்ற ஆண்டு இத்தகைய கட்டுரையொன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது, தீவகத்துக் கரையூர் ஒன்றிலிருந்து வரும் மாணவனை அழைத்து, "உங்கள் வீட்டில் கடலைப்பற்றிப் பேசுவதேயில்லையா?" என்று கேட்டோம். முதலிற் கூசியவன், பின்பு தன் பாட்டனார் சொன்ன செய்தியொன்றைச் சொன்னான். இளமையில் மன்னார்ப் பக்கம் தொழிலுக்குப் போயிருந்த காலத்தில், சோழகம் ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், சாதாழை அடர்ந்த ஆழங்குறைந்த நீரில் அவர் கடற்பன்றியொன்றைக் கண்டாராம். ஓங்கில் என்றே முதலில் எண்ணினாராம். ஆனால் ஓங்கிலுக்கு முதுகிலே செட்டை உண்டு, இதற்கு இல்லை. ஓங்கில் துள்ளும், இது மூக்கை மாத்திரம் நீருக்கு மேலே நீட்டி, பெருமூச்சு விட்டாற்போல் ஓசையெழுப்பி, மெல்ல அமிழ்ந்ததாம். அருகில் ஒரு குட்டியும் இருந்ததாம். இத்தனையையும் தெளிவாகச் சொன்னவனிடம், இதை ஏன் எழுதவில்லை என்று வினவினோம். "அதெல்லாம் கட்டுரையிலை எழுதலாமோ, சேர்?" என்று அவன் திருப்பிக் கேட்டான்.

அந்த மாணவன் மீது குற்றமில்லை. எழுதத்தக்கது இன்னது, எழுதத்தகாதது இன்னது என்று அவனுக்குக் கற்பித்தவர் நாம். கண்டவன் வாய்திறவாதிருக்க, காணாதவன் எழுதிவைத்ததே கடல் என்று வழங்கிவருகிறது. இந்நிலை பள்ளிக் கட்டுரையோடு நிற்பதன்று; நம் இலக்கியத்திலும் உண்டு; கடலுயிர்களைக் காக்கவென எழுதப்படும் அறிக்கைகளிலும் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் தொல்லிலக்கியத்தை நோக்குவோம். நெய்தல் என்றதும் இரங்கல் என்று ஒப்புவிக்க நாம் பழகியிருக்கிறோம். ஆயின் நெய்தற் பாடல்களைப் பாடியோர் கடற்கரையைக் கண்கொண்டு பார்த்தவர்கள். அகநானூற்றின் 160ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். அடும்பங்கொடி சிதைய ஏறிவரும் சூல்கொண்ட ஆமை, கழியோரத்து மணல்மேட்டில் முட்டைகளை மறைத்துப் புதைப்பதை அப்பாடல் கூறுகின்றது. முட்டையின் வடிவத்தை யானைக் கோட்டாற் செய்த வட்டுக்கு ஒப்பிடுகின்றது. அதன் புலால் நாற்றத்தையும் விடவில்லை. இன்று ஆமை முட்டையிடும் கரைகளைக் காவல்செய்யும் தொண்டர் ஒருவர் தம் குறிப்பேட்டில் எழுதுவதும் ஏறக்குறைய இவையே: இடம், தாவரம், குழி, முட்டையின் உருவம்.

ஆனால் அப்பாடல் இன்னொன்றும் கூறுகின்றது. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை அம்முட்டைகளைக் காத்திருக்கும் என்கின்றது. முட்டையைக் காக்க ஆண் ஆமை கரையேறுவதில்லை. பெண் ஆமையும் மணலை மூடிவிட்டு அன்றிரவே கடலுக்குத் திரும்பிவிடும். புலவர் இங்கே கண்டதை விட்டு, தலைவன் இவ்வாறு இருக்கவேண்டும் என்ற விருப்பத்தைப் பாடினார். இதனால் அப்பாடல் தாழ்ந்ததென்று கொள்ளலாகாது. பாட்டின் பொருளுக்கு அக்காவலன் வேண்டியிருந்தான். எனினும் எங்கே அவதானிப்பு முடிகிறது, எங்கே கற்பனை தொடங்குகிறது என்பதைப் பிரித்தறிவது திறனாய்வாளன் கடமை. அந்த மணலில் உண்மையிற் காவலன் எவனும் இருக்கவில்லை. 1988ஆம் ஆண்டிலிருந்து சென்னையின் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையில், முட்டையிடும் பருவத்து இரவுகளில் மாணவர்கள் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளை எடுத்துக் காப்பிடத்திற் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகின்றனர். பாட்டிலே ஆண் ஆமைக்கு அளிக்கப்பட்ட பணியை மாணவர் ஏற்றுக்கொண்டனர்.

சங்கச் சான்றோரின் அக்கூரிய பார்வை பிற்காலத்து நெய்தல் எழுத்தில் எவ்வளவு எஞ்சியது? தகழியின் 'செம்மீன்' 1956இல் மலையாளத்தில் வெளிவந்து, சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பாற் புகழ்பெற்றது. அந்நாவலிற் கடல் ஒரு நீதிபதி. கரையிலிருக்கும் மனைவியின் கற்புப் பிறழ்ந்தால் கடலம்மை கணவனைக் கொள்வாள் என்னும் நம்பிக்கையின்மீது கதை முழுதும் நிற்கின்றது. இறுதியிற் பழனியை ஆழத்துக்கு இழுத்துச் செல்லும் சுறா, ஒரு விலங்காக வருவதில்லை. ஊழின் தூதனாகவே வருகின்றது. நாவலின் உருக்கத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் உழைப்பவனின் சாவுக்குப் பெண்ணின் மனம் காரணமாக்கப்படும்போது, கடலும் அதன் உயிர்களும் உண்மையிழந்து வெறுங்குறியீடுகளாகி விடுகின்றன.

நம் நாட்டில் மஹாகவியின் 'புதியதொரு வீடு' கடலோடியின் குடும்பத்தை மேடையேற்றியது. கடல் விழுங்கியதாக எண்ணப்பட்டவன் திரும்பிவருவதால் எழும் மனிதச் சிக்கலே அதன் பொருள். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1973இல் நூலாயிற்று, 1978இல் திரைப்படமுமாயிற்று. வாடை பெயரும் பருவத்தில் நெடுந்தீவுக் கரையில் வாடி அமைக்கும் மீனவரின் போட்டியையும் காதலையும் அது சொன்னது. புவியியல் கற்ற ஆசிரியராதலின் காற்றையும் பருவத்தையும் அவர் தவறவிடவில்லை. தமிழகத்தில் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க் கரையில்' ஆகியன வந்தன. 2004இல் ஜோ டி குரூஸ் 'ஆழி சூழ் உலகு' எழுதியபோது, கடற்றொழில் செய்யும் சமுதாயத்திற் பிறந்த ஒருவரின் நாவிலிருந்தே காற்றின் பெயர்களும் மீனின் பெயர்களும் நாவலுக்குள் நுழைந்தன. இது பெரிய முன்னேற்றம்.

1960களில் நம் நாட்டில் நடந்த மரபுப் போராட்டத்தை இங்கு நினைவுகூர்தல் தகும். உழைக்கும் மக்களின் பேச்சுமொழியை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் ஒதுக்கியபோது, அம்மொழிக்கு இலக்கியத்தில் இடமுண்டென்று முற்போக்கு எழுத்தாளர் வாதாடி வென்றனர். அவ்வெற்றியின் பயனாக மீனவன் தன் மொழியிலே காதலிக்கவும் சண்டையிடவும் கதைகளில் உரிமை பெற்றான். ஆனால் தன் மொழியிலே அறிவதற்கு அவன் இன்னும் உரிமை பெறவில்லை. அவன் கோபத்தைக் கேட்ட நாம் அவன் அறிவைக் கேட்கவில்லை. செட்டை உண்டா இல்லையா என்று பார்த்து ஒரு விலங்கை இனங்கண்ட அந்தப் பாட்டனார், நம் கதைகளில் வந்தால் குடிப்பவராகவோ கடன்படுபவராகவோ வருவார். அறிஞராக வருவது அரிது.

இனி, மறுபக்கத்தை நோக்குவோம். உலகின் பல கரைகளில் இன்று கூலி பெறாத தொண்டர்கள் கடல்விலங்குகளைக் கண்காணித்து வருகின்றனர். நம் கடலிற் கடல்நாய்கள் வாழ்வதில்லை. ஆனால் அவற்றை எவ்வாறு கணக்கெடுக்கிறார்கள் என்பது நமக்குப் பாடமாகும். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கோர்ன்வோலில் தொண்டர்கள் பாறைக்கரை வழியே நடந்து, ஓய்வெடுக்கும் சாம்பற் கடல்நாய்களை எட்ட நின்று நிழற்படம் எடுக்கின்றனர். ஒவ்வொரு விலங்கின் தோல்மயிரிலும் உள்ள புள்ளிக்கோலம் நம் கைரேகைபோல் தனித்தன்மை உடையது. பழைய படத்தோடு புதிய படத்தை ஒப்பிட்டு, இது முன்பு கண்டதே என்று தெளிகின்றனர், பெயருமிடுகின்றனர். இதனால் 'கடல்நாய்கள்' என்ற கூட்டப்பெயர் மறைந்து, இன்ன ஆண்டு குட்டியீன்றது, இன்ன ஆண்டு கழுத்தில் வலைத்துண்டு இறுகிய காயத்தோடு வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு எழுகின்றது.

பார்ப்பாரின்றிப் போனால் நேர்வது என்ன என்பதற்குக் கரிபியக் கடலின் துறவிக் கடல்நாய் சான்று. அதனை உறுதியாகக் கடைசிமுறை கண்டது 1952இல். அது அற்றுப்போயிற்றென்று அமெரிக்க அரசு அறிவித்தது 2008இல். இடையில் 56 ஆண்டுகள் ஓர் உயிரினம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே கழிந்தன.

நம் கடலில் அந்நிலையை எதிர்நோக்கி நிற்பது அந்தப் பாட்டனார் கண்ட விலங்கே. கடற்பன்றி, கடற்பசு, ஆவுளியா எனப் பல பெயர்களால் வழங்கும் அது மீனன்று, காற்றைச் சுவாசித்துக் குட்டிக்குப் பாலூட்டும் விலங்கு, யானைக்கு உறவு. வளர்ந்தது 3 மீற்றர் நீளமும் 400 கிலோகிராம் நிறையும் எய்தும். உண்பது கடற்புல், நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோகிராம் வரை மேயும். 70 ஆண்டுகள் வரை வாழவல்லது. சூற்காலம் 13 அல்லது 14 மாதம். ஈனுவது ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டு இடைவெளி. ஆகவே தாயொன்று வலைப்பட்டு இறந்தால் அவ்விழப்பை ஈடுசெய்யப் பல்லாண்டு செல்லும்.

ஆங்கில ஆட்சியின் உயர் அதிகாரியாயிருந்த எமர்சன் ரெனன்ற் 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில் மன்னார்க் கடலின் இவ்விலங்கைக் கடற்கன்னிக் கதையோடு சேர்த்து எழுதினார். அதே விலங்கின் இறைச்சி பின்னரும் நெடுங்காலம் மன்னார்ச் சந்தையில் விற்கப்பட்டது. வெள்ளையர் நூலிற் கன்னி, சந்தையில் இறைச்சி என்ற இருநிலைக்கும் இடையே விலங்கின் உண்மை வாழ்வை அறிந்தவர் கடலோடிகளே. 1970இல் இலங்கைச் சட்டமும், 1972இல் இந்தியச் சட்டமும் அதற்குப் பாதுகாப்பளித்தன. 2022 செப்ரெம்பரில் தமிழ்நாட்டு அரசு பாக்கு விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளையொட்டி 448 சதுர கிலோமீற்றர்ப் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்திய வனவுயிர் நிறுவனம் அங்கே மீனவரையும் மாணவரையும் கொண்ட தொண்டர் வலையமைப்பொன்றை உருவாக்கியுள்ளது. வலையிற் சிக்கிய கடற்பசுவை அறுத்துவிட்ட மீனவர்கள் பாராட்டும் பரிசும் பெற்றிருக்கின்றனர். இலங்கையும் 2015இல் தொடங்கிய எட்டு நாட்டுக் கடற்பசு, கடற்புற் பாதுகாப்புத் திட்டத்திற் பங்கேற்றது.

கடற்பசு கடல்நாயைப்போற் பாறையில் ஏறிக் கிடப்பதில்லை. கலங்கிய நீரில் ஓரிரு கணம் மூக்கைக் காட்டி மறைவது. எனவே அதனை அடையாளங் காண்போர் அதன் சுவட்டைத் தேடுகின்றனர். கடற்புற்றரையில் ஒரு சாண் அகலத்துக்கு வேரோடு மேய்ந்து சென்ற வளைந்த தடம் தென்பட்டால் அது கடற்பசுவின் தடம். இத்தடத்தை விமானத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ காண்பதரிது. ஆழங்குறைந்த நீரில் வள்ளம் தாங்கிச் செல்பவனுக்கும் அட்டை குளிப்பவனுக்கும் அது கண்முன் கிடப்பது.

ஆகவே அறிவியலாரும் இறுதியில் மீனவனிடமே வருகின்றனர். 2019இல் தென்சீனத்தின் நான்கு மாகாணங்களில் 66 மீனவ ஊர்களுக்கு ஆய்வாளர் சென்று 788 பேரை வினவினர். வாழ்நாளில் ஒருமுறையேனும் கடற்பசுவைக் கண்டதாகச் சொன்னவர் 38 பேர். அண்மை ஐந்தாண்டுக்குள் கண்டவர் மூவர். இவ்விடைகளைக் கொண்டே சீனக் கடலில் அவ்வினம் ஏறத்தாழ அற்றுப்போயிற்று என்று 2022இல் வெளியிட்டனர். ஓர் உயிரினத்தின் இருப்புக்கும் இறப்புக்கும் இறுதிச் சாட்சி உழைப்பாளியின் நினைவே என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் அச்சாட்சிக்கு அறிக்கைகளில் என்ன இடம்? பெரும்பாலும் அவன் ஓர் எண். அல்லது 'மீன்பிடி அழுத்தம்' என்ற தொடருக்குள் அடங்கிய குற்றவாளி. அறிக்கை ஆங்கிலத்தில் வரும். அது அவன் ஊருக்குத் திரும்பி வருவதில்லை. பெயரிலேயே இடர் தொடங்கிவிடுகிறது. கடற்பன்றி என்று சொல்லும் ஊரிற் போய்க் 'கடற்பசுவைக் கண்டீரா?' என்று கேட்டால் 'இல்லை' என்ற விடையே கிடைக்கும். அந்த 'இல்லை' கணக்கேறிவிட்டால், சொல்லறியாமை உயிரின் இன்மையாகிவிடும். ஊர்தோறும் வழங்கும் பெயரைத் தொகுப்பது மொழியறிந்தோர் செய்யத்தக்க பணி. தமிழ்ப் பட்டம் பெற்ற நாம் அதனைச் செய்யாதிருப்பது நம் குறையே.

இன்னுமொன்று உண்டு. திருக்கை வலையில் அவ்விலங்கு சிக்கிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். வலையை அறுத்தால் கடனுக்கு வாங்கிய வலை போயிற்று. இறந்துவிட்டதை அறிவித்தால் வழக்கு வருமோ என்ற அச்சம். மௌனமாய்ப் புதைத்துவிடுவதே அவனுக்குப் பாதுகாப்பான வழி. அவ்வாறு புதைக்கப்படும் ஒவ்வொன்றும் கணக்கிலிருந்து மறைகின்றது. அறுத்த வலைக்கு ஈடும், உண்மை சொன்னவனுக்குக் காப்பும் இல்லாத இடத்தில், தொண்டர் எத்துணை ஆர்வலராயினும் அவர் பதிவேடு பொய்ப்பதிவேடே.

வலையிலன்றித் தரையிலும் ஓர் அழிவு நடக்கின்றது. தமிழகக் கரையிலிருந்து வரும் இழுவைமடிப் படகுகள் கடலின் அடித்தரையை வழித்துச் செல்கின்றன. நம் கரையிலும் அத்தொழில் செய்தோர் உளர். 2017இல் இலங்கை அத்தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. தடை முற்றாக நடைமுறைக்கு வரவில்லை என்பதை நம் மீனவர் நாள்தோறும் அறுந்த வலைகளோடு கரைதிரும்பி உணர்த்துகின்றனர். அப்படகிற் கூலிக்கு வருபவனும் ஏழைத் தமிழனே; படகின் உடைமையாளன் கரையிலிருக்கிறான். கடற்பசுவின் மேய்ச்சற்றரையை அழிப்பதும், சிறுமீனவனின் வலையை அறுப்பதும் ஒரே மடிதான். இதைச் சொல்லாது 'மக்களுக்கு விழிப்புணர்வு வேண்டும்' என்று மட்டும் எழுதும் அறிக்கை பாதி உண்மையே பேசுகின்றது.

போரும் இவ்வறிவை அறுத்தது. மயிலிட்டி மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தனர்; துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017இல். இருபத்தேழு ஆண்டுகள் தந்தையின் வள்ளத்தில் மகன் ஏறவில்லை. ஏனைய கரைகளிலும் தடைகளும் இடப்பெயர்வும் இருந்தன. எந்த நீரில் எந்தப் பருவத்தில் எது மூச்சுவிடும் என்ற அறிவு ஏட்டிலிருந்து கற்பதன்று. ஒரே வள்ளத்தில் இருவர் இருந்தாற்றான் அது கைமாறும். அவ்வறிவுடையோர் ஒவ்வொருவராய் மறைந்துவருகின்றனர். அவர்களை இன்று கேட்டு எழுதாவிடின் நாளை கேட்பதற்கு ஆளிருக்காது.

ஆகவே நம் குறைபாட்டை இவ்வாறு கூறலாம்: நம் கடல் இலக்கியத்தில் மனிதன் இருக்கிறான், விலங்கு இல்லை, நம் கடல் அறிக்கையில் விலங்கு இருக்கிறது, மனிதன் இல்லை. யதார்த்தவாதம் என்று நாம் பேசுவது இவ்விரண்டையும் ஒரு வள்ளத்தில் ஏற்றுவதாய் இருக்கவேண்டும். எழுத்தாளர் கடற்பசுவைப்பற்றிப் பாடவேண்டும் என்று நாம் கட்டளையிடவில்லை. அவ்வாறு பாடினால் இன்னுமொரு கண்ணீர்க் கன்னியே பிறப்பாள். கண்டவனிடம் கேட்டு எழுதுங்கள் என்பதே நம் வேண்டுகோள். தொண்டர்க்கும் அதுவே: சொன்னவன் விரும்பினால் அவன் பெயரையும் பதியுங்கள், பதிந்ததை அவன் மொழியில் அவன் ஊருக்குத் திருப்பிக் கொடுங்கள், அவன் வலைக்கும் சேர்த்து வாதாடுங்கள்.

நம் வகுப்பிலிருந்தே தொடங்குவது முறையென்று எண்ணி, இவ்வாண்டு 'கடற்கரையில் ஒரு மாலை' என்ற தலைப்பை நீக்கிவிட்டோம். 'எங்கள் வீட்டார் கடலிற் கண்டது' என்று கொடுத்தோம். யார் கண்டார், எங்கே, எந்தக் காற்றுக் காலத்தில், எதைக்கொண்டு இன்னதென்று அறிந்தார் என்ற நான்கு வினாக்களுக்கும் விடை இருக்கவேண்டும் என்றும், வீட்டில் வழங்கும் சொல்லையே எழுதவேண்டும் என்றும் சொன்னோம். வந்த கட்டுரைகளிற் பல அரைப்பக்கத்தைத் தாண்டவில்லை. சந்திப்பிழைகளும் மலிந்திருந்தன. ஆனால் நாம் அறியாத மீன்பெயர்கள் பலவற்றை அவற்றில் முதன்முறையாகக் கண்டோம். பொருள் கேட்டு எழுதிக்கொண்டோம்.

சென்ற ஆண்டு நம்மை வினவிய அம்மாணவனும் எழுதியிருந்தான். பாட்டனார் கண்ட கடற்பன்றியையும் குட்டியையும் பற்றி ஒன்பது வரிகள். பத்தாவது வரியில், அதற்குப் பின்பு தான் அதைக் காணவேயில்லை என்று அப்பு சொன்னார் என முடித்திருந்தான்.